கப்பலிலிருந்து இறங்கும் முன்பே

கடற்படையில் 20 ஆண்டுப் பணியை முடித்து வெளியே வரும் மாலுமிக்கு வயது 38, மிஞ்சிப்போனால் 40. பிள்ளை ஏழாம் வகுப்பில் இருக்கும். வீட்டுக் கடன் பாதிகூடத் தீர்ந்திருக்காது. மாதம் பிறந்தால் வருவது கடைசிச் சம்பளத்தில் பாதி. ஊரில் எல்லாரும் “பென்ஷன் வந்துடுச்சு, இனி உனக்கென்னப்பா?” என்பார்கள். அந்தப் பென்ஷன் சோற்றுக்குப் போதும். பிள்ளையின் கல்லூரிக்கும் பெண்ணின் கல்யாணத்துக்கும் போதாது. இன்னும் முழுசாக 20 ஆண்டு வேலை பார்த்தாக வேண்டும்.

அந்த இரண்டாவது 20 ஆண்டையும் நன்றாக நடத்துகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். கடற்படை கற்றுக்கொடுத்த வேலைக்கு வெளியில் செல்லுபடியாகும் சான்றிதழ் எதுவோ, அதைச் சீருடையில் இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதே திறமை இருந்தும் அதை வாங்காமல் விட்டவர்கள் பலர், அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் செக்யூரிட்டி உடுப்பில் நிற்கிறார்கள். அந்த வேலையில் எந்தக் குறையும் இல்லை. போர்க்கப்பல் எஞ்சினைப் பிரித்து மாட்டிய கைக்கு அதைவிட நல்ல வேலை காத்திருக்கிறது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேரப்போகும் பிள்ளைகளுக்கு

2022-க்கு முன் எஸ்.எஸ்.ஆர்., எம்.ஆர். பிரிவுகளில் சேர்ந்தவர்களுக்கு முதல் ஒப்பந்தம் 15 ஆண்டு. 15 ஆண்டு முடித்தால் ஓய்வூதியம் உறுதி. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இதை மாற்றிவிட்டது. இப்போது சேருகிறவர்கள் அக்னிவீரர்கள். பணி 4 ஆண்டு. அதன்பின் 25 சதவீதம் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். கணிதமும் இயற்பியலும் எடுத்த பிளஸ் டூ மாணவர்கள் எஸ்.எஸ்.ஆர். பிரிவுக்கும், பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் எம்.ஆர். பிரிவுக்கும் விண்ணப்பிக்கலாம். திருமணம் ஆகியிருக்கக் கூடாது.

எஸ்.எஸ்.ஆர். தேர்வில் ஆங்கிலம், அறிவியல், கணிதம், பொது அறிவு என ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். கணக்குத் தெரியும், கேள்வி புரியாது. ஆறு மாதம் முன்பே பிளஸ் ஒன், பிளஸ் டூ அறிவியல், கணிதப் பாடங்களை ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு முறை படித்துவிட்டால் இந்தத் தடை போய்விடும். உடற்தகுதியில் 1.6 கிலோமீட்டரை ஆண்கள் ஆறரை நிமிடத்திலும் பெண்கள் 8 நிமிடத்திலும் ஓட வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவில் அக்னிவீரர்களின் முதல் அணி 2023 மார்ச் 28 அன்று பயிற்சி முடித்தது. அதில் பெண்களும் இருந்தார்கள். இந்தியக் கடற்படையில் மாலுமி நிலையில் பெண்கள் சேர்ந்தது அதுவே முதல் முறை. மகளைக் கடற்படைக்கு அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோர் அந்தப் பெண்களின் பெற்றோர்களை நினைத்துக்கொள்ளலாம்.

பணக்கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொண்டு சேருங்கள். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. இதில் 30 சதவீதத்தைச் சேவா நிதிக்குப் பிடிப்பார்கள். அதே அளவு அரசும் போடும். 4 ஆண்டு முடிவில் வட்டியோடு ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் வரி இல்லாமல் கிடைக்கும். நிரந்தரமாக எடுக்கப்படாதவர்களுக்கு ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் அதோடு வரும் மருத்துவ வசதியும் கேன்டீனும் இல்லை. இதைச் சொல்லாமல் பிள்ளையைச் சேர்த்துவிடும் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. ஒருவர் கேட்கிறாரோ இல்லையோ, சொல்லிவிட வேண்டியது நம் கடமை.

எந்தப் பிரிவு என்பதில்தான் எதிர்காலம்

சில்காவில் அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் பிரிவு ஒதுக்குவார்கள். மதிப்பெண், விருப்பம், கடற்படையின் தேவை மூன்றையும் பார்த்துத்தான் முடிவாகும். எஞ்சின் பிரிவு என்றால் லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி. மின்பிரிவுக்கு ஜாம்நகரில் ஐ.என்.எஸ். வல்சுரா. பீரங்கிக்குக் கொச்சியில் துரோணாச்சாரியா. நீர்மூழ்கிக்கு விசாகப்பட்டினத்தில் சாதவாகனா. கணக்கு, சரக்கு, சமையல் பிரிவுகளுக்கு மும்பையில் ஹம்லா. மருத்துவ உதவியாளர்களுக்கு அஸ்வினி மருத்துவமனை.

கப்பல் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு வாட்ச் போதும். நள்ளிரவு 12 முதல் விடியற்காலை 4 வரை மிடில் வாட்ச். எஞ்சின் அறையில் காதுக்கவசம் இல்லாமல் நிற்க முடியாது, பேச்செல்லாம் கைச்சாடைதான். மணிக்கொரு முறை எண்ணெய் அழுத்தம், குளிர்நீரின் வெப்பம், சுழற்சி வேகம் மூன்றையும் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். நல்ல மெக்கானிக் மீட்டரோடு நிற்கமாட்டார். பேரிங் உறையின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார், அடித்தட்டில் டார்ச் அடித்துக் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். முள் அசைவதற்கு முன்பே சத்தம் மாறியது அவருக்குத் தெரிந்துவிடும். இது எந்த ஐ.டி.ஐ.யிலும் கிடைக்காத படிப்பு. எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ ஓர் அனல்மின் நிலையத்துக்குத் தேவையானதும் இதே ஆள்தான். ஆனால் அங்கே நேர்காணலில் கேட்கும் முதல் கேள்வி “என்ன சர்டிபிகேட் இருக்கு?” என்பது.

அதனால் பிரிவு கிடைத்த அன்றே வெளியில் அதற்கு என்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். மின்பிரிவுக்காரருக்கு மாநில மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் இருந்தால் ஒப்பந்தக்காரராகவே தொழில் தொடங்கலாம். பாய்லர் பார்த்தவருக்குக் கொதிகலன் துறை நடத்தும் தேர்வு இருக்கிறது. விமானப் பிரிவில் இருப்பவர் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்கான டி.ஜி.சி.ஏ. தாள்களைப் பணியில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக எழுதலாம். அதை முடித்து வருகிறவர்களை விமான நிறுவனங்கள் விரும்பி எடுக்கும். கப்பலில் எல்லாருக்கும் பொதுவான தீயணைப்பு, சேதக் கட்டுப்பாட்டுப் பயிற்சியைப் பலர் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு நல்ல அடித்தளம் அதுதான். மேலே படிக்க நினைப்பவர்களுக்குச் சென்னைத் தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இதற்கான பட்டயப் படிப்பை நடத்துகிறது. சேரத் தேவையான கல்வித் தகுதியை முன்கூட்டியே பார்த்து அதை முதலில் முடியுங்கள்.

மருத்துவ உதவியாளர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. எத்தனை ஆண்டு ஊசி போட்டிருந்தாலும், பதிவு இல்லாமல் ஊரில் கிளினிக் வைத்தால் சட்டப்படி குற்றம். தொழிற்சாலை முதலுதவி மையம், ஆய்வகம், ஆம்புலன்ஸ் சேவை என்று அங்கீகாரமுள்ள பாதையில் போங்கள்.

பணியில் இருக்கும் காலம்

சீமேனில் தொடங்கி லீடிங், பெட்டி ஆபிசர், சீஃப், மாஸ்டர் சீஃப் என்று படிகள். பெட்டி ஆபிசர்களின் தலைமைப் பயிற்சிக்கான ஐ.என்.எஸ். அக்ரனி நம் கோயம்புத்தூரில்தான் இருக்கிறது. திறமையும் வயதும் இருப்பவர்களுக்கு மாலுமியிலிருந்து அதிகாரியாகும் வழியும் உண்டு. கமிஷனுக்கு முயலத் தகுதி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வயது வரம்பு கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிவிடும்.

பட்டப்படிப்பு கண்டிப்பாக வேண்டும். 15 ஆண்டு பணியும் கடற்படையின் கல்விச் சான்றும் இருந்தால், பட்டம் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி பணிகள் சிலவற்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. அதை நம்பிப் படிக்காமல் இருப்பவர்கள் தனியார் நிறுவன வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே பல்கலைக்கழகப் பட்டம்தான் செல்லும். இக்னோவில் சேர்ந்து கரைப்பணியில் இருக்கும் ஆண்டுகளில் முடித்துவிடலாம். அக்னிவீரர்களுக்கு இக்னோ தனிப் பட்டப்படிப்பே வைத்திருக்கிறது. பட்டத்துக்கான கிரெடிட்களில் பாதி, பணியில் பெற்ற பயிற்சிக்கே கிடைத்துவிடுகிறது.

ஒரு கப்பலிலிருந்து டிராஃப்ட், அதாவது இடமாற்றம், ஆகிப் போகும்போது, அங்கே கடலில் கழித்த காலத்துக்கான சான்றைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்து அதைத் தேடினால், கையெழுத்துப் போட்ட அதிகாரியும் இருக்கமாட்டார், சில சமயம் கப்பலே சேவையில் இருக்காது.

நீட்டிப்பா, வெளியேறுவதா

ஒப்பந்தம் முடியும் நேரத்தில் எல்லா மெஸ்ஸிலும் இதே பேச்சுதான். என் கருத்து இது. அடுத்த பதவி உயர்வு கண்ணுக்குத் தெரிந்தால் நீட்டியுங்கள். அது ஓய்வூதியத்தையே உயர்த்தும். பிள்ளை பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ இருந்தால், குவார்ட்டர்ஸையும் பள்ளியையும் நினைத்து அதற்குத் தேவையான காலம் வரை நீட்டிக்கலாம். வெளியில் போகப் பயமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நீட்டிக்க வேண்டாம். 38 வயதில் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் நிறுவனம், 45 வயதில் யோசிக்கும்.

வணிகக் கப்பலுக்குப் போக நினைப்பவர்கள் சீக்கிரம் வெளியேறுவதே நல்லது. 2020-ல் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், கடற்படையில் இருப்பவர்களும் ஓய்வுபெற்றவர்களும் வணிகக் கப்பல் சான்றிதழ் பெறும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கடற்படையில் கழித்த கடற்காலத்தை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கடலோடிப் பதிவெண்ணான இண்டோஸ் எண், அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகள், சி.டி.சி. எனப்படும் கடலோடிக் கையேடு ஆகியவை முதலில் வேண்டும். அதன்பின் பிரிவுக்கேற்ற தகுதித் தேர்வு. மின்பிரிவில் அனுபவமும் படிப்பும் உள்ளவர்களுக்கு ஈ.டி.ஓ. என்ற மின்தொழில்நுட்ப அதிகாரி வேலை வரை வாய்ப்பு இருக்கிறது.

இங்கே ஏஜென்ட்களிடம் கவனம் தேவை. “மூன்று லட்சம் கொடு, கப்பலில் ஏற்றிவிடுகிறேன்” என்பவரிடம், கடலோடிகளை வேலைக்கு எடுக்கத் தேவையான ஆர்.பி.எஸ்.எல். உரிமத்தின் எண்ணைக் கேளுங்கள். அந்த உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் தலைமை இயக்குநரக இணையதளத்தில் இருக்கிறது. வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் பணம் வாங்குவது விதிக்கு விரோதம். கேட்டாலே அங்கிருந்து எழுந்துவிடலாம்.

கடைசி இரண்டு ஆண்டு

மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.ஆர்., ஓய்வுக்கு முன் பயிற்சிகள் நடத்துகிறது. மாலுமிகளுக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கிடைத்த ஏதோ ஒரு பயிற்சியில் பெயரைக் கொடுத்துவிட்டு ஊர் போய் வரும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்த வாய்ப்பு மறுபடி வராது. போக நினைக்கும் வேலைக்கு நேரடியாக உதவும் பயிற்சியைப் போராடியாவது வாங்குங்கள். கடற்படையின் வேலைவாய்ப்பு அமைப்பிலும் அப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

ஆவணங்களை இந்த இரண்டு ஆண்டில்தான் சரிசெய்ய வேண்டும். பணிப் பதிவேட்டில் மனைவியின் பெயர் ‘எஸ். மகேஸ்வரி’, ஆதாரில் ‘மகேஷ்வரி எஸ்’. நம் ஊரில் முன்னெழுத்தும் எழுத்துக்கூட்டலும் படுத்தும் பாடு இது. இந்த ஓர் எழுத்தால் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றுபோகும். மாலுமி பணியில் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் தீரும் இந்தத் திருத்தத்துக்கு, அவர் காலமான பிறகு மனைவி அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டிவரும். பிள்ளைகளின் பிறந்த தேதியையும் இப்படியே சரிபாருங்கள்.

ஓய்வூதியக் கணக்கு

ஒரு சீஃப் பெட்டி ஆபிசரின் அடிப்படைச் சம்பளம் 44,900, ராணுவப் பணி ஊதியம் 5,200, இரண்டும் சேர்ந்து 50,100 என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் இதில் பாதி, 25,050. இதன்மேல் அகவிலைப்படி வரும். விரும்பினால் ஓய்வூதியத்தில் பாதி வரை கம்யூட் செய்து மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். மாதம் 12,525 ரூபாயை விட்டுக்கொடுத்தால் 38, 40 வயதில் ஏறக்குறைய 13.7 லட்சம் கையில் வரும். 15 ஆண்டு கழித்து முழு ஓய்வூதியம் திரும்பிவிடும். அகவிலைப்படி எப்போதும் 25,050-க்கே கணக்கிடப்படும் என்பது நல்ல விஷயம்.

ஆனால் அந்த 15 ஆண்டில் விட்டுக்கொடுப்பது மொத்தம் 22.5 லட்சம். கணக்குப் போட்டால் இது ஏழேகால் சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியதற்குச் சமம். அதைவிட அதிக வட்டியில் வீட்டுக் கடன் ஓடினால், கம்யூட் செய்து அதை அடைப்பது சரி. எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்காகச் செய்து அந்தப் பணத்தில் கார் வாங்குவது பெரிய இழப்பு.

பணிக்கொடை, காப்பீட்டு நிதி, விடுப்புச் சம்பளம் எல்லாம் ஒரே மாதத்தில் வங்கிக் கணக்கில் விழும். அந்தச் செய்தி எப்படித்தான் பரவுமோ, ரியல் எஸ்டேட்காரர், சீட்டு நடத்துபவர், மாதம் மூன்று சதவீதம் தருகிறேன் என்பவர் எல்லாரும் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். முதல் ஓராண்டு அந்தப் பணத்தை அரசு வங்கி வைப்புநிதியைத் தவிர வேறெங்கும் போடாதீர்கள். ஊர்நிலவரம் பிடிபட ஓராண்டு ஆகும். 20 ஆண்டு கழித்து வருகிறவருக்கு நிலத்தின் விலையும் தெரியாது, மனிதர்களின் விலையும் தெரியாது.

அரசு வேலையா, சொந்தத் தொழிலா

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதம், பொதுத்துறை வங்கிகளிலும் நிறுவனங்களிலும் அதே பிரிவில் 14.5 சதவீதம் ஒதுக்கீடு. வயது கணக்கிடும்போது பணி ஆண்டுகளைக் கழித்து மேலும் 3 ஆண்டு சலுகை தருவார்கள். வங்கி எழுத்தர் தேர்வில் அந்தந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் தமிழ் படித்த மாலுமிக்குத் தமிழ்நாட்டுக் கிளைகள் இயல்பாகத் திறந்திருக்கின்றன. இரண்டாவது வேலையின் சம்பளம் வந்தாலும் ஓய்வூதியம் நிற்காது.

பலருக்குத் தெரியாத ஒரு விதி. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அந்தச் சலுகையை மறுபடி பயன்படுத்த முடியாது. ஆனால் சேர்வதற்கு முன்பே வேறு தேர்வுகளுக்கு விண்ணப்பித்திருந்தால், சேர்ந்த உடனே அந்த விண்ணப்பங்களின் விவரத்தைத் தேதிவாரியாக எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அந்தத் தேர்வுகளுக்குச் சலுகை நீடிக்கும். 2014-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆணை இது. இந்த ஒரு தாளைக் கொடுக்காததால் நல்ல வேலையைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

தனியாரில் நுழைய விவரக்குறிப்புதான் முதல் கதவு. ஒரு சீஃப் எழுதிய விவரக்குறிப்பைப் பார்த்தேன். ‘கப்பலில் எஞ்சின் ரூம் பொறுப்பு, 3 ஆண்டு’ என்று ஒரே வரி. உட்கார வைத்துக் கேட்டபோது ஒவ்வொன்றாக வந்தது: நான்கு டீசல் ஜெனரேட்டர், எட்டுப் பேர் கொண்ட வாட்ச், ரீஃபிட்டின்போது ஒப்பந்தக்காரர்களின் வேலையைச் சரிபார்த்தது, உதிரிபாகக் கணக்கு, மூன்று ஆண்டும் ஒரு விபத்துகூட இல்லாதது. இதையெல்லாம் எழுதிய பிறகுதான் அது ஒரு பராமரிப்பு மேற்பார்வையாளரின் விவரக்குறிப்பாக ஆனது. ஆயுதம், ரேடார், கப்பல் நகர்வு பற்றி ஒரு வரிகூட வேண்டாம், சமூக வலைத்தளத்திலும் வேண்டாம். 2019 இறுதியில் மாலுமிகள் சிலர் சமூக வலைத்தள உளவு வலைவிரிப்பில் சிக்கிக் கைதானபின் கப்பல்களில் ஸ்மார்ட்போனுக்கே தடை வந்தது. ஓய்வுபெற்றவர்களையும் அதே வலை தேடுகிறது.

தொழில் தொடங்க நினைப்பவர்களுக்குத் தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் இருக்கிறது. ஒரு கோடி ரூபாய் வரையான கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. குளிர்பதனப் பராமரிப்பு, படகு எஞ்சின் பழுதுபார்ப்பு, ஜெனரேட்டர் சர்வீஸ் என்று கையில் இருக்கும் வேலையையே தொழிலாக்குங்கள். ராமநாதபுரம், நாகை, தூத்துக்குடிக் கரைகளில் டீசல் எஞ்சின் தெரிந்த நல்ல மெக்கானிக்கைத் தேடி விசைப்படகுக்காரர்கள் அலைகிறார்கள். வேறு வழி அமையும்வரை மாதச் சம்பளம் வேண்டுமென்றால் 1986-ல் தொடங்கிய டெக்ஸ்கோ இருக்கிறது. முன்னாள் படைவீரர்களைப் பாதுகாப்புப் பணிக்கு அமர்த்தும் அரசு நிறுவனம் அது.

வீட்டில்

இருபது ஆண்டு குடும்பத்தை நடத்தியவர் மனைவி. பள்ளிக்கூடம், மாமனார் மருத்துவமனை, மின்கட்டணம், ஊர்த்திருவிழா வரி, எல்லாம் அவர் கையில்தான் ஓடியது. வந்ததும் வீட்டைக் கப்பல் மாதிரி ஒழுங்குபடுத்த இறங்காதீர்கள். முதல் சில மாதம் வீடு எப்படி நடக்கிறது என்று பாருங்கள், ஒப்படைத்த வேலையைச் செய்யுங்கள். மாலையில் பாட்டில் திறக்கும் பழக்கம் கரைக்கு வந்ததும் அளவு தாண்டுகிறது. கேன்டீனில் மலிவாகக் கிடைக்கிறது, செய்ய வேலையும் இல்லை என்றால் வேறென்ன ஆகும்? அதனாலும்தான் ஓய்வுக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விட வேண்டாம் என்கிறேன்.

ஊர் வந்த முதல் வாரத்தில் மாவட்ட முன்னாள் படைவீரர் நலத்துறை அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்குங்கள். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் வேலைவாய்ப்புப் பதிவுக்கும் அதுதான் வழி. ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை குடும்பத்தில் தகுதியுள்ள எல்லாருக்கும் வந்துவிட்டதா என்று பாருங்கள். பெற்றோருக்கும் தகுதி இருந்தால் அவர்களையும் சேருங்கள். பிறகு ஒரு நாள் மாலை மனைவியை அருகில் உட்கார வைத்து ஸ்பர்ஷ் ஓய்வூதியத் தளத்தில் நுழையக் கற்றுக்கொடுங்கள். பயனர் எண், கடவுச்சொல், ஓய்வூதிய ஆணையின் நகல், ஆண்டுதோறும் வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டிய மாதம், எல்லாம் அவர் கையெழுத்திலேயே ஒரு நோட்டில் இருக்கட்டும்.